உலகக் கோப்பைப் பந்து ஏன் ஆம்பூரில் தயாராவதில்லை? தோல் நகரங்களும் வெள்ளைப் பந்தும் - ஒரு விளக்கம்

2023 ஒருநாள் உலகக் கோப்பையில் சென்னை சேப்பாக்கத்தில் 5 ஆட்டங்கள், பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 5 ஆட்டங்கள். இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் போனால் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் நகரங்கள் வரிசையாக வரும். உலகின் பெரிய பிராண்டுகளுக்கு ஷூ தைத்துக் கொடுக்கும் ஊர்கள் இவை.

கிரிக்கெட் பந்தின் மேலுறையும் தோல்தான். ஆனால் அந்த 10 ஆட்டங்களிலும் வீசப்பட்ட பந்துகள் ஆஸ்திரேலிய நிறுவனமான கூக்கபராவின் தயாரிப்பு. இந்தியாவிலேயே பந்து செய்யும் ஊர் எது என்று கேட்டால் பதில் மீரட், இல்லையென்றால் ஜலந்தர். ஆம்பூரின் பெயர் வராது. ‘தோலுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்?’ என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பஞ்சம் இல்லைதான். ஆனாலும் பந்து இங்கே வரவில்லை. ஏன்?

முதலில், ஒருநாள் போட்டிப் பந்து எப்படி வெள்ளையானது?

1975, 1979, 1983 ஆகிய முதல் மூன்று உலகக் கோப்பைகளும் இங்கிலாந்தில் நடந்தன. 60 ஓவர், வெள்ளை உடை, சிவப்புப் பந்து. 1987-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து நடத்தியபோது ஓவர்கள் 50 ஆகக் குறைந்தன. பந்து அப்போதும் சிவப்புதான். அந்தத் தொடரில் 1987 அக்டோபர் 9 அன்று சேப்பாக்கத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 1 ரன்னில் தோற்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு ஃபோர், இன்னிங்ஸ் முடிந்த பிறகு கபில் தேவின் ஒப்புதலோடு சிக்ஸராக மாற்றப்பட்டது. அந்த 2 ரன் இல்லையென்றால் கதையே வேறு.

வெள்ளைப் பந்தைப் பிரபலமாக்கியவர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர். 1970-களின் கடைசியில் அவர் நடத்திய போட்டித் தொடரில் இரவு ஆட்டங்கள் வந்தன. மின்விளக்கு வெளிச்சத்தில் சிவப்புப் பந்து சரியாகத் தெரியவில்லை, அதனால் வெள்ளைக்கு மாறினார்கள். 1992 உலகக் கோப்பையில் வண்ண உடையும் வெள்ளைப் பந்தும் முதன்முறையாக வந்தன. அதற்குப் பிறகு ஒருநாள் உலகக் கோப்பையில் சிவப்புப் பந்துக்கு வேலை இல்லை.

இந்த நிற மாற்றம் தோலுக்குப் புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. சிவப்புப் பந்தின் தோலில் சாயம் உள்ளே இறங்கியிருக்கும். மேலே எண்ணெய்ப் பசை ஏற்றுவார்கள். தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும். வெள்ளைத் தோலுக்கு அந்தப் பசையை ஏற்றினால் நிறம் மங்கிவிடும். அதனால் வெள்ளைப் பந்துக்கு மேலே பெயின்ட் போல ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சு சில ஓவர்களில் தேய்ந்து, பந்து அழுக்காகி, பேட்ஸ்மேன் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஒருநாள் கிரிக்கெட்டின் பந்து விதிகள் அடிக்கடி மாறுவதற்கு இதுவே முக்கியக் காரணம். 2007-ல் 34 ஓவர் முடிந்ததும் பந்தைக் கட்டாயமாக மாற்ற வேண்டும் என்று விதி வந்தது. 2011 அக்டோபரில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு புதுப் பந்து என்றானது. இன்னிங்ஸ் முடிவில் ஒவ்வொரு பந்துக்கும் வயது 25 ஓவர்தான். ரிவர்ஸ் ஸ்விங் காணாமல் போனது, ஸ்பின்னர்களுக்குப் பிடிமானம் குறைந்தது என்று பந்துவீச்சாளர்கள் புலம்பினார்கள். 2025 ஜூலையில் ஐசிசி ஒரு நடுவழியைப் பிடித்தது. முதல் 34 ஓவர்களுக்கு இரண்டு பந்துகள். அதன் பிறகு பந்துவீசும் அணி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீதி 16 ஓவர்களையும் அதிலேயே வீச வேண்டும். கணக்குப் போட்டால் அந்தப் பந்து 33 ஓவர் அடி வாங்கும். அதாவது தோலின் தரத்துக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது.

பந்துத் தோலும் ஷூ தோலும் ஒன்றில்லையா?

ஒன்றில்லை. ஆம்பூருக்குப் பந்து வராததற்கு இது முதல் காரணம்.

பச்சைத் தோல் அப்படியே விட்டால் அழுகிவிடும். அதை அழுகாத பொருளாக மாற்றுவதுதான் பதனிடுதல். இதற்கு மூன்று வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, தாவரப் பதனீடு. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாறில் தோலை வாரக்கணக்கில் ஊறவைப்பது. பிரிட்டிஷ் காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய ‘ஈ.ஐ. லெதர்’ இந்த வகை. ஈ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. இந்தத் தோலுக்குத் தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடும் இருக்கிறது.

இரண்டு, க்ரோம் பதனீடு. குரோமியம் உப்பைப் போட்டு பெரிய டிரம்களில் சுழற்றினால் வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். தோல் நீல நிறமாக வெளியே வரும். தொழிலில் இதை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். மெல்லியது, மென்மையானது, வளையும், சூட்டைத் தாங்கும். ஷூவின் மேல்பாகமான அப்பருக்கு இதுதான் தோது. இந்தத் தோல் மண்டலத்தின் டேனரிகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

மூன்று, படிகாரப் பதனீடு. முடிவெட்டும் கடையில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதே படிகாரம். இதில் பதனிட்ட தோல் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். கிரிக்கெட் பந்துக்குப் பாரம்பரியமாகப் பயன்படுவது இந்தத் தோல். க்ரோம் தோலின் நெகிழ்வு ஷூவுக்கு வரம். பந்துக்கோ அது சங்கடம். 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மட்டையில் மோதும் பொருள் உருவம் குலையாமல் இருக்க வேண்டும்.

தடிமனும் வேறு. ஷூ அப்பருக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். பந்துக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தடித்த மாட்டுத் தோல் வேண்டும்; அதிலும் முதுகுப் பக்கத்துத் தோல்தான் உகந்தது. ஆட்டுத் தோலையும் மெல்லிய மாட்டுத் தோலையும் பக்குவமாகக் கையாளத் தெரிந்த ஒரு டேனரி, நாளைக்கே பந்துத் தோலுக்கு மாறிவிட முடியாது. மூலப்பொருள், ரசாயனம், இயந்திர அமைப்பு என்று எல்லாமே மாற வேண்டும்.

அப்படியானால் மீரட்டுக்கு மட்டும் எப்படி வந்தது?

இதற்கான பதில் 1947-ல் இருக்கிறது. பிரிவினைக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்தின் விளையாட்டுப் பொருள் தலைநகரம் சியால்கோட். பந்து, மட்டை, ஹாக்கி ஸ்டிக் என்று எல்லாம் அங்கேதான். எல்லைக்கோடு போட்டதும் சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்த இந்து முதலாளிகளும் தொழிலாளர்களும் கிழக்கே வந்து ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறினார்கள். வந்த கைவினைஞர்களில் பலர் தலித் சமூகத்தினர். இந்தியாவில் டெஸ்ட் போட்டிகளுக்குப் பந்து தரும் எஸ்.ஜி. நிறுவனமே 1931-ல் சியால்கோட்டில் தொடங்கி, 1950-ல் மீரட்டுக்கு வந்ததுதான்.

அதாவது தோல் இருந்த இடத்துக்குத் தொழில் போகவில்லை. பந்து தைக்கத் தெரிந்த கைகள் எங்கே போயினவோ அங்கே போனது.

பந்து தைப்பது தனி வித்தை. உள்ளே கார்க் உருண்டை, அதன் மேல் இறுக்கிச் சுற்றிய நூல், அதற்கு மேல் நான்கு துண்டுத் தோல். நடுவில் ஆறு வரிசைத் தையல். எஸ்.ஜி., டியூக்ஸ் பந்துகளில் ஆறு வரிசையும் கையால் போடப்படுகின்றன; கூக்கபராவில் நடு இரண்டு வரிசைகள் கைத்தையல், மற்றவை இயந்திரத் தையல். முடிவில் எடை 155.9 கிராமிலிருந்து 163 கிராமுக்குள், சுற்றளவு 22.4 சென்டிமீட்டரிலிருந்து 22.9 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பெண்கள் கிரிக்கெட்டுக்கு இதைவிடச் சிறிய, எடை குறைந்த பந்து.

ஆம்பூரின் திறமை வேறு வகை. இங்கே ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பிரிவுகளில் பெண்களே அதிகம். மிஷினில் மில்லிமீட்டர் பிசகாமல் தைப்பது, வெட்டுவது, ஒட்டுவது, கடைசி என்றால் கடைசி நாளில் கன்டெய்னரை ஏற்றி அனுப்புவது. கூட்டு உற்பத்தியில் தேர்ந்த கைகள் இவை. இரண்டு ஊசியும் மெழுகுநூலுமாக ஒரே ஆள் உட்கார்ந்து பந்து தைக்கும் வேலைக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

ஆம்பூர் ஏன் ஷூவைப் பிடித்துக்கொண்டது?

பாலாற்றங்கரையில் டேனரிகள் பெருகியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆற்றுத் தண்ணீர், சென்னைத் துறைமுகத்தோடு இணைக்கும் ரயில் பாதை, வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு ஊர்களின் முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் முதலீடு, தொழிலாளர்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்தன. நீண்ட காலம் இங்கிருந்து போனது அரைகுறையாகப் பதனிட்ட தோல்தான். அதை ஷூவாக்கி லாபம் பார்த்தவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள்.

1972-ல் சீதாராமையா குழு, அரைப் பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சொன்னது. மத்திய அரசும் அதற்கு அளவு நிர்ணயித்தது. ‘தோலாக அனுப்பாதே, பொருளாக அனுப்பு’ என்பதுதான் கொள்கை. 1948 முதல் சென்னையில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்பத்தில் கைகொடுத்தது. டேனரிக்காரர்கள் ஒவ்வொருவராக ஷூ அப்பருக்கும், பிறகு முழு ஷூவுக்கும் மாறினார்கள்.

அவர்கள் ஏன் பந்தைத் தேர்ந்தெடுக்கவில்லை? ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும்.

2023 உலகக் கோப்பையில் 48 ஆட்டங்கள். எல்லா ஆட்டங்களும் நடந்தன. ஆட்டத்துக்கு இரண்டு இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு இரண்டு புதுப் பந்து. மொத்தம் 192 புதுப் பந்துகள். ஒரு பந்தின் மேற்பரப்பு சுமார் 163 சதுர சென்டிமீட்டர். 192 பந்துகளுக்கும் சேர்த்தால் ஏறக்குறைய 34 சதுர அடி. சேப்பாக்கம் ஆடுகளத்தின் பரப்பு 660 சதுர அடி. அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் இந்தத் தோல் மூடும். ஒரு ஜோடி லெதர் ஷூவுக்குச் சுமார் 2 சதுர அடி தோல் போகும். ஆக, ஒன்றரை மாதம் நாடே டிவி முன் உட்கார்ந்து பார்த்த உலகக் கோப்பையின் மொத்தப் பந்துத் தோலும் 17 ஜோடி ஷூவுக்குச் சமம்!

இடையில் மாற்றிய பந்துகள், பயிற்சிப் பந்துகள், வெட்டும்போது வீணாகும் தோல் என்று பல மடங்கு சேர்த்தாலும் ஒரு நடுத்தர ஷூ கம்பெனியின் ஒரு நாள் வேலையைத் தொடுவது கடினம். பந்து வியாபாரத்தின் உண்மையான சந்தை உலகக் கோப்பையில் இல்லை. பள்ளிகள், கிளப்கள், அகாடமிகள், மாவட்ட லீக்குகளில் இருக்கிறது. அந்தச் சந்தையையும் மீரட்டும் ஜலந்தரும் முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே பிடித்துவிட்டன.

பந்து வந்திருந்தால் பாலாறு தப்பித்திருக்குமா?

தோல் மண்டலத்தைப் பற்றிப் பேசினால் பாலாற்றைத் தவிர்க்க முடியாது. 1996 மார்ச் 11 அன்று சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உலகக் கோப்பைக் காலிறுதியில் மோதின. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டேனரிக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. ‘மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும்’, ‘வருமுன் காக்க வேண்டும்’ என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது இந்த வழக்கில்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் வேலூர் பெயரைப் படிக்காமல் சுற்றுச்சூழல் சட்டத்தைத் தாண்ட முடியாது.

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆபத்து முழுதாகப் போய்விடவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் உயிரிழந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, பாலாற்றைச் சீரமைப்பது, கண்காணிப்புக் குழு என்று உத்தரவிட்டது.

படிகாரத்தில் குரோமியம் இல்லையே, பந்துத் தோல் சுத்தமானதுதானே என்று தோன்றலாம். பாதி சரி. பாலாற்றங்கரைக் கிணறுகளை உப்பாக்கியதில் குரோமியத்தைவிடச் சாதாரண உப்புக்குப் பங்கு அதிகம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். அந்த உப்பை முதலில் கழுவி எடுக்க வேண்டும்; எந்த முறையில் பதனிட்டாலும் இது உண்டு. படிகாரப் பதனீட்டிலும் உப்புச் சேர்க்கிறார்கள். பழைய முறையில் ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். பந்து செய்தாலும் ஷூ செய்தாலும் ஆற்றுக்கு வரும் கேள்வி ஒன்றேதான்: கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

இப்போது என்ன நடக்கிறது?

விளையாட்டு இந்தத் தோல் மண்டலத்துக்கு வேறு வாசல் வழியாக வந்துகொண்டிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் ஷூ. ஆனால் அதில் தோல் இல்லை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு காலணி மற்றும் தோல் பொருட்கள் கொள்கையை வெளியிட்டது. இந்தக் கொள்கையின் கவனம் தோலல்லாத காலணிகள் பக்கமும் திரும்பியிருக்கிறது. செய்யாறில் தைவான் நிறுவனமான ஃபெங் டே பல ஆண்டுகளாக ஸ்போர்ட்ஸ் ஷூ தயாரிக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் இன்னொரு தைவான் நிறுவனமான ஹாங் ஃபூவின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. துணி, ரப்பர், பிளாஸ்டிக் நுரை ஆகியவைதான் இவற்றின் மூலப்பொருள். டேனரி தேவையில்லை.

வேலை தேடும் இளைஞருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது நல்ல செய்தி. டேனரிகளுக்கு இது எச்சரிக்கை. ஷூ தைக்கும் கைகளுக்கு அடுத்த ஊரில் வேலை கிடைக்கும். தோலைப் பதனிடும் கைகளுக்குக் கிடைக்காது. ஒரே பொருளையும் சில வெளிநாட்டுச் சந்தைகளையும் நம்பியிருப்பதன் ஆபத்து 2025 ஆகஸ்டில் தெரிந்தது. இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்ததும், ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பேச்செல்லாம் ஆர்டரைப் பற்றியதாகவே ஆனது.

அப்படியென்றால் பந்து இனி வரவே வராதா?

சர்வதேசப் பந்து வருவதற்கு வாய்ப்பு குறைவு. எந்தப் பந்து என்பதை வாரியங்களும் ஐசிசியும் முடிவு செய்கின்றன. பழகிய நிறுவனத்தை மாற்ற வீரர்களே சம்மதிக்க மாட்டார்கள். 2027 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் 14 அணிகளோடு நடக்கப்போகிறது. அங்கும் ஆம்பூர் பந்து உருளாது.

உள்ளூர்ச் சந்தை வேறு விஷயம். தமிழ்நாட்டில் தெருவில் டென்னிஸ் பால், கொஞ்சம் பெரிய மைதானத்தில் கார்க் பால் என்று ஆடி வளரும் பையன்களும் பெண்களும் அகாடமியில் சேர்ந்ததும் முதல் வேலையாக லெதர் பால் வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் வடக்கிலிருந்து லாரியில் வருகிறது. இந்தப் பயிற்சிப் பந்துகளை இங்கே செய்ய முடியுமா என்பது தொழில்நுட்பக் கேள்வியைவிட வியாபாரக் கேள்வி. தடித்த தோல் வாங்க வேண்டும், படிகாரப் பிரிவு தனியாக வேண்டும், கையால் தைக்க ஆட்களைப் பழக்க வேண்டும். எல்லாம் செய்தபின் மீரட்டின் விலைக்கு விற்கவும் வேண்டும். கடைசி நிபந்தனைதான் கடினம்.

பந்தைவிட நெருக்கமான வாய்ப்புகள் உண்டு. கீப்பிங் கிளவுஸ், பேட்டிங் கிளவுஸின் உள்ளங்கை, லெதர் கிட் பேக் ஆகியவற்றுக்கு மெல்லிய, மென்மையான தோல்தான் தேவை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தலைமுறைகளாகக் கைதேர்ந்திருப்பது அந்த வகைத் தோலில்தான். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, தண்ணீர் மிகக் குறைவாகத் தேவைப்படும் க்ரோம் பதனீட்டு முறையும் கையில் இருக்கிறது. அப்படி ஒரு பொருள் இங்கிருந்து புறப்பட வேண்டுமானால் இரண்டு கணக்குகள் சரியாக வர வேண்டும்: ஏற்றுமதியாளரின் லாபக் கணக்கு, பாலாற்றங்கரைக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு உப்பு என்ற கணக்கு. முதல் கணக்கை மட்டும் பார்த்துத் தொழில் நடத்தியதால்தான் 1996-ல் டெல்லியில் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது.